எலுமிச்சைக்கு என்ன மருந்து அடிக்கலாம்?

காலை நடையில் என்னோடு வரும் நண்பர் ஒருவர், பொதுப்பணித்துறையில் இருந்து ஓய்வு பெற்றவர், போன மாதம் நடந்துகொண்டே கேட்டார்:

“சார், நம்ம வீட்டு எலுமிச்சையில இலையெல்லாம் மஞ்சளாப் போவுது. என்ன மருந்து அடிக்கலாம்?”

“எந்த இலை சார்? புதுசா வர்ற கொழுந்தா, கீழே இருக்கிற முத்தின இலையா?”

“அதையெல்லாம் யார் பாத்தா? மரமே மஞ்சளா இருக்கு.”

“பாத்துட்டு வாங்க, அப்புறம் பேசுவோம்” என்றேன். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. வாய்க்கு வந்த ஒரு மருந்தின் பெயரைச் சொல்லியிருந்தால் சந்தோஷமாகப் போயிருப்பார். கடையில் ஏற்கெனவே ஒரு பாட்டில் வாங்கி இரண்டு தடவை அடித்தும் விட்டார் என்பது எனக்கு மறுநாள்தான் தெரிந்தது.

வீட்டு மரத்துக்கு ஏதாவது வந்துவிட்டால் நாம் மரத்தடிக்குப் போவதற்கு முன்னால் கடைக்குப் போகிறோம். இதை நான் கண்டிக்கிறேன். கண்டிக்க எனக்குத் தகுதி உண்டா என்றால், உண்டு. நானே ஒரு எலுமிச்சை மரத்தை மருந்தடித்துக் கொன்றவன்.

தஞ்சாவூருக்கு வெளியே, நெல் விளைந்த வயலை மனை போட்டு விற்றபோது வாங்கிக் கட்டிய வீடு எங்களுடையது. இப்படிப்பட்ட வீடுகள் இப்போது நம் பக்கத்தில் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. மேலே ஒரு அடி, இரண்டு அடி செம்மண் கொட்டியிருப்பார்கள். அதன் கீழே அதே பழைய களிமண்தான். நெல்லுக்கு அது தங்கம். தண்ணீரை விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். எலுமிச்சைக்கும் பப்பாளிக்கும் அதே குணம்தான் எமன். ஐப்பசி, கார்த்திகையில் நாலு நாள் அடைமழை பெய்தால் வேர் தண்ணீருக்குள் நின்று மூச்சு முட்டும்.

எனக்கு அப்போது இதெல்லாம் தெரியாது. நாற்றங்காலில் வாங்கி வந்த எலுமிச்சைக் கன்றை நட்டு, அடித்தண்டைச் சுற்றி மண்ணும் சாணமுமாகக் குவித்து, அழகுக்காகச் செங்கல்லால் வட்டம் கட்டி, அதற்குள் தினமும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினேன். நான்கு வருடம் நன்றாகத்தான் இருந்தது. காய்க்கவும் காய்த்தது. ஐந்தாவது வருடம் மழைக்காலம் முடிந்ததும் இலைகள் மஞ்சளாகத் தொடங்கின. கடையில் போய்ச் சொன்னேன். கடைக்காரர் இலையைக் கொண்டுவரச் சொல்லவில்லை, மரத்தின் வயதைக் கேட்கவில்லை. ஒரு பாட்டிலும் ஒரு பொட்டலமும் எடுத்து வைத்தார். பத்து நாளைக்கு ஒரு தடவையாக மூன்று தடவை அடித்தேன். சத்துக் குறைவாக இருக்குமோ என்று இரண்டு பிடி யூரியாவும் போட்டேன். மாசி மாதம் மரம் முழுக்கக் காய்ந்துவிட்டது. தோண்டி எடுக்கும்போதுதான் பார்த்தேன். மண் குவித்திருந்த இடத்தில் அடித்தண்டின் பட்டை பழுப்பாக அழுகி, விரலால் தள்ளினால் உரிந்து வந்தது. அதற்குச் சற்று மேலே பிசின் வடிந்து உறைந்திருந்தது. நோய் இருந்தது காலில். நான் மருந்தடித்தது தலைக்கு.

அந்த மரத்தோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. இரண்டாம் தடவை மருந்தடித்த மறுநாள் காலை, பக்கத்து வீட்டுப் பெண் வழக்கம்போல மதிலுக்கு மேல் கை நீட்டி எங்கள் கருவேப்பிலையைப் பறித்துக்கொண்டு போயிருக்கிறாள். கருவேப்பிலை எலுமிச்சைக்கு மூன்றடி தள்ளி நின்றது. நான் அடித்த நாளில் காற்று அந்தப் பக்கம்தான் வீசியது. பத்து மணிக்கு மேல்தான் எனக்கு இது உறைத்தது. செருப்புக்கூடப் போடாமல் ஓடினேன். அம்மியில் துவையல் அரைத்து வைத்திருந்தாள், குழந்தைகள் பள்ளிக்கூடத்தில் இருந்து மதியம் சாப்பிட வருவதற்காக. நான் சொன்னதும் ஒன்றும் பேசாமல் அதை எடுத்துக் குழி தோண்டிப் புதைத்துவிட்டு, அம்மியை மூன்று தடவை கழுவினாள். “நல்லவேளை சொன்னீங்க பெரியப்பா” என்றாள். அவள் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அன்று சாயங்காலம் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு அந்தப் பாட்டிலில் ஒட்டியிருந்த தாளைப் படித்தேன். வாங்கும்போதே படித்திருக்க வேண்டியது. நம் நாட்டில் விற்கும் ஒவ்வொரு பூச்சிக்கொல்லிப் பாட்டிலிலும் சாய்சதுரமாக ஒரு படம் இருக்கும். அதன் கீழ்ப்பாதி நிறம்தான் நஞ்சின் அளவைச் சொல்வது. சிவப்பு என்றால் மிகக் கொடிய நஞ்சு, அடுத்தது மஞ்சள், பிறகு நீலம், கடைசியாகப் பச்சை. என்னுடையது மஞ்சள். அடித்தபின் எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்பதும் உள்ளே இருந்த துண்டுச்சீட்டில் எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தில் இருந்தது. முப்பது வருடத்துக்கு மேல் அடுத்தவர் மனுவை அடிக்கோடிட்டுப் படித்துக் குறிப்பு எழுதியவன் நான். என் வீட்டுக் குழந்தைகளும் பக்கத்து வீட்டுக் குழந்தைகளும் தின்னும் பொருளின் மேல் தெளித்ததைப் படிக்கவில்லை.

நம் மொழியிலேயே ஒரு வம்பு இருக்கிறது. பூச்சியைக் கொல்லும் நஞ்சுக்கு ‘மருந்து’ என்று பெயர் வைத்துவிட்டோம். டெல்டா கிராமங்களில் ‘அவன் மருந்தைக் குடிச்சிட்டான்’ என்றால் என்ன பொருள் என்று நம் வயதுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2013 ஜூலையில் பீகாரின் சாரன் மாவட்டத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்துபோனார்கள். சமையல் எண்ணெயில் கலந்திருந்தது மோனோகுரோட்டோபாஸ். வயலுக்கு வாங்கிய நஞ்சு சமையலறைக்கு வர எவ்வளவு நேரம் ஆகும்? வீட்டுத் தோட்டம் என்பது சமையலறைக்குப் பின்கதவு. அங்கே நாம் வயலின் பாட்டிலைக் கொண்டுவந்து வைக்கிறோம்.

நான் படித்தது காரைக்காலில், பிரெஞ்சு வழியில். சின்ன வகுப்புகளில் ‘லெசோன் த ஷோஸ்’ என்று ஒரு பாடம் உண்டு. பொருட்பாடம் என்று சொல்லலாம். ஆசிரியர் மேசை மேல் ஒரு பொருளை வைப்பார். ஒரு பூவரச இலை, ஒரு நத்தை ஓடு, ஒரு துண்டுச் சுண்ணாம்பு, இப்படி எதுவாகவும் இருக்கும். பெயரைச் சொல்லக் கூடாது. முதலில் நிறம், பிறகு மேல்பக்கம், அடிப்பக்கம், ஓரம், மணம், தொட்டால் எப்படி இருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். எல்லாம் முடிந்த பிறகுதான் பெயர். எவனாவது முந்திக்கொண்டு பெயரைச் சொன்னால் பெஞ்சு மேல் ஏற்றிவிடுவார். அறுபது வருடம் கழித்து, ஒரு மரம் செத்த பிறகு, அந்தப் பாடம் எதற்கு என்று எனக்குப் புரிந்தது.

அந்த முறையில் எலுமிச்சையின் மஞ்சளைப் பாருங்கள். கொழுந்து இலையில் நரம்பு மட்டும் பச்சையாக நின்று மற்ற இடம் வெளுத்திருந்தால் இரும்புச்சத்து ஏறவில்லை. முத்தின இலையில் காம்புப் பக்கம் மட்டும் பச்சை ஆப்பு மாதிரி நின்று ஓரங்கள் மஞ்சளானால் மக்னீசியம் குறைவு. இலை சிறுத்து, குறுகி, திட்டுத்திட்டாக வெளுத்தால் துத்தநாகம். நடுநரம்பே மஞ்சளாகி, இலை தொங்கி உதிர்ந்தால் அடித்தண்டைப் பாருங்கள், வேரில் ஏதோ நடக்கிறது. இந்த நாலுக்கும் பூச்சிக்கொல்லியில் வேலையே இல்லை. நாலில் மூன்றுக்குச் சத்தும் மண்ணும் தண்ணீரும், நாலாவதுக்கு மண்வெட்டி.

அடித்தண்டு அழுகலுக்குச் செய்ய வேண்டியது இதுதான். தண்டில் குவிந்த மண்ணை விலக்கி, அழுகிய பட்டையை நல்ல பட்டை தெரியும்வரை கத்தியால் சுரண்டி எடுத்துவிட்டு, போர்டோ பசை தடவ வேண்டும். பாத்தியை இரட்டை வட்டமாக்கி, உள்வட்டத்துக்குள் தண்ணீர் போகாமல், வெளிவட்டத்தில் மட்டும் நிற்கும்படி செய்ய வேண்டும். மரம் தண்ணீர் குடிப்பது தண்டால் அல்ல, தள்ளிப் படர்ந்திருக்கும் வேரால். இப்போது என் வீட்டில் இருக்கும் இரண்டாவது எலுமிச்சை இரண்டடி மேட்டில் நிற்கிறது. செங்கல் வட்டம் கிடையாது.

போர்டோ என்றதும் ஒரு கதை. பிரான்சில் போர்தோ நகரத்துப் பக்கம் மெதோக் என்று திராட்சை விளையும் பகுதி இருக்கிறது. அங்கே பாதையோரக் கொடிகளில் போகிறவர் வருகிறவர் எல்லாம் பழம் பறித்துத் தின்றதால், தோட்டக்காரர்கள் மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கலந்து ஓரக் கொடிகளின் மேல் தெளித்து வைத்தார்கள், பார்த்தால் அருவருப்பாக இருக்கட்டும் என்று. அந்தச் சமயத்தில் அமெரிக்காவில் இருந்து வந்த அடிச்சாம்பல் நோய் பிரான்சுத் திராட்சையை அழித்துக்கொண்டிருந்தது. 1882 இலையுதிர் காலத்தில் மில்யார்தே என்ற தாவரவியல் பேராசிரியர் அந்த வழியாகப் போனார். தோட்டத்தின் உள்ளே கொடிகள் இலையில்லாமல் நிற்க, திருடனுக்குப் பயந்து தெளித்த பாதையோரக் கொடிகள் மட்டும் பச்சையாக நின்றதைப் பார்த்தார். மூன்று வருடம் சோதித்து 1885இல் வெளியிட்டார். அதுதான் போர்டோ கலவை. அந்த வழியில் போனவர்கள் எத்தனையோ பேர். நின்று பார்த்தவர் அவர்.

பிரெஞ்சில் அதற்கு ‘பூயி போர்த்லேஸ்’ என்று பெயர். பூயி என்றால் கஞ்சி. போர்தோக் கஞ்சி! அதை நாமே காய்ச்சலாம், அடுப்பு வேண்டாம். நூறு கிராம் மயில்துத்தத்தை ஐந்து லிட்டர் தண்ணீரில் கரையுங்கள். பிளாஸ்டிக் வாளியோ மண்பானையோ இருக்கட்டும், இரும்பும் பித்தளையும் கூடாது. நூறு கிராம் சுட்ட சுண்ணாம்பை நீற்றி இன்னொரு ஐந்து லிட்டரில் கரைத்து வடிகட்டுங்கள். துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கலக்க வேண்டும், மாற்றி ஊற்றக் கூடாது. துருவில்லாத கத்தியை ஒரு நிமிடம் முக்கி எடுங்கள். செம்பு படிந்து சிவந்தால் சுண்ணாம்பு போதவில்லை என்று அர்த்தம், இன்னும் சேர்க்க வேண்டும். அன்றைக்கே தெளித்துவிட வேண்டும், வைத்திருக்கக் கூடாது. பசை வேண்டுமானால் அதே நூறு, நூறு கிராமுக்குத் தண்ணீர் மொத்தம் ஒரு லிட்டர் மட்டும். இதுவும் குடிக்கிற கஞ்சி இல்லை, ஞாபகம் இருக்கட்டும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், அந்த வாளியைத் திரும்ப வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள்.

எலுமிச்சையில் நம் பக்கம் அதிகம் பார்ப்பது சொறி நோய். இலையிலும் குச்சியிலும் காயிலும் தக்கை மாதிரி மேடான பழுப்புப் புள்ளி, இலையில் அதைச் சுற்றி மஞ்சள் வளையம். இது பாக்டீரியா. மழைச்சாரலில் இலைக்கு இலை தெறித்துப் பரவும். இலைத்துளைப்பான் புழு வெள்ளிக் கோடு போட்டுக்கொண்டு போன வழியிலும் உள்ளே நுழையும். மழைக்கு முன்பே சொறிக் குச்சிகளை வெட்டிக் கொளுத்திவிட்டு, செம்பு கலந்த கலவையைத் தெளித்தால் பெரும்பாலும் அடங்கும். ஸ்ட்ரெப்டோமைசின் அடிக்கச் சொல்பவர்களும் உண்டு. காசநோய்க்காரர்களுக்கு ஊசி போட்ட மருந்து அது. ஊறுகாய்க்கு வைத்த காயில் சொறி இருந்தால் என்ன குறைந்துவிடும்? அந்த மருந்தைக் கொல்லையில் தெளிக்க எனக்குச் சம்மதமில்லை.

மாமரத்துக்கு வாருங்கள். ‘இலையெல்லாம் கரி பூசினாற்போல் ஆகிவிட்டது’ என்று பலர் சொல்கிறார்கள். கரும்பூசணம். அதைத் துடைத்துப் பார்த்தால் அடியில் இலை பச்சையாகத்தான் இருக்கும். தத்துப்பூச்சியும் செதிற்பூச்சியும் சாற்றை உறிஞ்சி, தேன் மாதிரி பிசுபிசுப்பைக் கீழே விடுகின்றன. அதன் மேல் வளர்வதுதான் இந்தக் கறுப்பு. பூசணத்துக்கு மருந்தடித்தால் பூச்சி சிரிக்கும். கறுப்பை உரிக்க நம் வேளாண் பல்கலைக்கழகம் சொல்வது கஞ்சிதான், நிஜக் கஞ்சி! ஒரு கிலோ மைதாவை ஐந்து லிட்டர் தண்ணீரில் காய்ச்சி, ஆறவைத்து, இருபது லிட்டராக விளாவி, நல்ல வெயில் நாளில் தெளிக்க வேண்டும். காய்ந்ததும் கஞ்சி போட்ட வேட்டி மாதிரி விறைத்து, கறுப்பையும் சேர்த்து எடுத்துக்கொண்டு செதில் செதிலாக உதிரும். மப்பும் மந்தாரமுமாக இருந்தால் செய்யாதீர்கள். கிளைகளைக் கழித்து உள்ளே வெயில் விழும்படி வைத்தால் தத்துப்பூச்சியும் குறையும்.

பப்பாளியில் மாவுப்பூச்சி வந்த வருடங்கள் உங்களுக்கு நினைவிருக்கும். 2008இல் கோயம்புத்தூர் பக்கம் முதலில் கண்டார்கள். இரண்டு வருடத்தில் பப்பாளி, மல்பெரி, மரவள்ளி, செம்பருத்தி என்று கண்ட இடமெல்லாம் வெள்ளைப் பஞ்சு. எங்கள் வீட்டு மரத்திலும் வந்தது. தெருவில் ஆளாளுக்குக் கிடைத்ததை அடித்தார்கள். மேலே மெழுகுப் பூச்சு இருப்பதால் மருந்து ஒட்டவில்லை. ஒரு வாரம் குறைந்தது போல இருக்கும், பிறகு இரண்டு மடங்காக வரும். அந்தப் பூச்சியின் சொந்த ஊர் மெக்சிகோ. அங்கே அதற்கு எதிரி இருக்கிறான், இங்கே இல்லை. பெங்களூரில் உள்ள மத்திய அரசுப் பூச்சி ஆராய்ச்சி நிலையம் 2010இல் போர்ட்டோ ரிக்கோவில் இருந்து மூன்று வகை ஒட்டுண்ணிக் குளவிகளைத் தருவித்தது. கண்ணுக்கு அரும்பாடுபட்டால்தான் தெரியும், அவ்வளவு சின்னது. மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டையிடும், குஞ்சு உள்ளே இருந்தே தின்றுவிட்டு வெளியே வரும். வேளாண் பல்கலைக்கழகம் அதைப் பெருக்கித் தமிழ்நாடு முழுக்க விட்டது. சில மாதங்களில் வெள்ளை அடங்கிவிட்டது. மருந்தடிப்பதை நிறுத்திய தோட்டங்களில்தான் குளவி தங்கியது. அடித்துக்கொண்டே இருந்தவர்கள் பூச்சியைக் காப்பாற்றி, அதன் எதிரியைக் கொன்றார்கள். இன்றைக்கும் செம்பருத்தியில் கொஞ்சம் மாவுப்பூச்சி வந்தால் நான் தண்ணீரைப் பீய்ச்சி அடித்துவிட்டு, எறும்புச் சாரியை மட்டும் அறுத்துவிடுவேன். அதன் தேனுக்காக மாவுப்பூச்சிக்குக் காவல் நிற்பது எறும்புதான்.

மருந்தே இல்லாத நோயும் உண்டு. பப்பாளியின் நுனி இலை தேமலாகிச் சுருங்கி, நூல் மாதிரி மெலிந்து, தண்டில் எண்ணெய்க் கோடும் காயில் வளையமும் தெரிந்தால் வளையப்புள்ளி வைரஸ். ஹவாய்த் தீவில் 1990களில் பப்பாளித் தொழிலையே அது சாய்த்தது. கடைசியில் மரபணு மாற்றிய ரகத்தை 1998இல் கொண்டுவந்துதான் மீண்டார்கள். நம் கொல்லையில் செய்யக்கூடியது ஒன்றுதான், வெட்டிப் புதைப்பது. வெட்ட மனம் வராது, எனக்கும் வரவில்லை. என் மனைவி போட்ட விதை, அவள் போன பிறகு காய்த்த மரம். மூன்று வாரம் தள்ளிப்போட்டேன். அதற்குள் அசுவினி அதை அடுத்த வீட்டுப் பப்பாளிக்குக் கொண்டுபோய்விட்டது.

அரசாங்கத்திடமும் எனக்கு ஒரு மனு உண்டு. பழக்கதோஷம், மன்னியுங்கள். நெல்லுக்குப் புகையான் வந்தால் கேட்க ஆள் இருக்கிறது. வீட்டு மரம் யார் கணக்கிலும் இல்லை. மனிதனுக்கு மருந்து வாங்க டாக்டர் சீட்டு வேண்டும், மஞ்சள் முக்கோண நஞ்சு வாங்கக் காசு மட்டும் போதும். ஒவ்வொரு வேளாண் விரிவாக்க மையத்திலும் வாரத்தில் ஒரு காலை வீட்டுத் தோட்டக்காரர்களுக்கு என்று ஒதுக்கலாம். சிவப்பும் மஞ்சளும் வீட்டு உபயோகத்துக்கு விற்பதை நிறுத்தலாம். அதுவரை நாமே போகலாம். தஞ்சாவூரில் காட்டுத்தோட்டத்தில் மண், நீர் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, நீடாமங்கலத்திலும் சிக்கலிலும் காரைக்கால் மாதூரிலும் வேளாண் அறிவியல் நிலையங்கள் இருக்கின்றன. நல்ல இலை ஒன்று, நோய் இலை நாலு, அடித்தண்டின் போட்டோ ஒன்று எடுத்துக்கொண்டு போங்கள். வாயால் விவரித்தால் அவர்களும் பாவம், என்ன சொல்வார்கள்?

நண்பர் விஷயத்துக்கு வருகிறேன். மறுநாள் ஒரு பையில் இலைகளைக் கொண்டுவந்தார். முத்தின இலை, நடுநரம்பு மஞ்சள். அவர் வீட்டுக்குப் போனோம். பூஞ்செடித் தொட்டி மாதிரி சிமெண்டில் வட்டம் கட்டி, தண்டை முக்கால் அடி மண்ணால் மூடி வைத்திருந்தார். என் பழைய மரத்தைத் திரும்பப் பார்த்த மாதிரி இருந்தது. சிமெண்டை உடைத்து மண்ணைத் தள்ளினோம். பட்டை ஒரு பக்கம் மட்டும்தான் அழுகியிருந்தது. சுரண்டிப் பசை தடவியிருக்கிறோம். மீதியிருந்த பாட்டிலை என்ன செய்வது என்று கேட்டார். கடைக்காரர் திரும்ப வாங்க மாட்டேன் என்றுவிட்டாராம். இப்போதைக்கு அது பேரன் கைக்கு எட்டாமல் மாடிப்படிக்கு அடியில் பூட்டி இருக்கிறது.